பதினோரு சிரட்டைத் தண்ணீர்

போன மாதம் திகாம் பத்து மண்டபத்தில் நம் எஸ்டேட்டுக்காரர்கள் எல்லாம் கூடினோமே, அன்றைக்கு நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். வலிதான், ஆனால் முட்டியில் இல்லை.

நம் அப்பா அம்மாவை வேலை வாங்கிய மண்டோரின் மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் எஸ்டேட்டுக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் 'தகரப் பேய்' கதைக்கு வந்தார். குகைக்குள்ளிருந்து மூன்று பெண் பிள்ளைகள் தகரத்தைத் தட்ட, பேய் என்று நினைத்து மூன்று ஆம்பிளைகள் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து ஓடிய கதை. ஓடியவர்களில் தன் அப்பாவும் ஒருவர் என்று சொல்லி அவரே சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக நானும் அந்தக் கதைக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பெண் பிள்ளைகளில் நான் ஒருத்தி. கதையில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. பாறைமேல் விழுந்து கிடந்த மனிதர் ஒருவர். தகரத்தைத் தட்டுவதற்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது இன்னொன்று. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் இதை எழுதி முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அது கித்தா, அதாவது ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற காலம். பால் வெட்டு நின்றுபோய், பெரியவர்களுக்குப் புல் வெட்டு, கால்வாய் தோண்டு என்று வேறு வேலை கொடுத்திருந்தார்கள். சருகு கணுக்காலுக்கு மேல் கிடக்கும். நாய் நடந்தால்கூட ஆள் நடப்பதுபோல் கேட்கும். அந்த வருஷம் நம் லயத்து வரிசை வீடுகளுக்கு இருந்த கிணறு அடியோடு வற்றிவிட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு தவளையும் யாரோ போட்ட, ரப்பர் பால் பிடிக்கும் மங்கும்தான் தெரிந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியத்துக்கு மேல், ஆற்றுத் தண்ணீரை லோரியில் கொண்டுவந்து, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்கு முன்னால் ஊற்றுவார்கள்.

அந்தத் தகர வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். முதல் நாள் சாயங்காலமே கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட வேண்டும். தகரம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. காவல் கிடையாது, சீட்டுக் கிடையாது. அடுத்தவன் தகரத்தில் கை வைக்கிறது அவன் பெண்டாட்டி கையைப் பிடிக்கிறதுக்குச் சமம் என்பார் பெரியப்பா. முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெளிந்த தண்ணீர், வாலில் நிற்கிறவர்களுக்கு வண்டல். ஓட்டை விழுந்த தகரத்தை அடைக்க எடுத்துப்போகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்வரை அந்தக் கல்தான் ஆள். அதையும் யாரும் தொட மாட்டார்கள்.

எங்கள் தகரத்தை எல்லாருக்கும் தெரியும். அடையாளத்துக்காக அம்மா வெள்ளைச் சாயத்தில் ஒரு மயில் வரைந்தாள். அது கோழியாக வந்தது. "மயிலுன்னு சொன்னா மயில்தான்" என்று அம்மா சாகும்வரை சாதித்தாள். ஆனால் லயம் முழுக்க அதற்குப் பேர் கோழித் தகரம்.

அன்றைக்கு வரிசையில் எங்கள் கோழித் தகரம் மூன்றாவது. நான்காவதாக நின்றது பக்கத்து வீட்டு மாமாவின் தகரம். அந்த வீட்டு மாமிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. இருபது நாள்கூட ஆகவில்லை. துணி அலசவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமா அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகுதான் பதில். என் அப்பா அதற்கு நேர் எதிர். "நான் கேக்காம கை நீட்ட மாட்டேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல். அம்மாவை அடித்தாலும் என்னை அடித்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். அதை ஒரு பெரிய நியாயமாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

எனக்குப் பதினோரு வயது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி பெரியம்மா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அக்கா என்பேன். எதைத் தொடங்கினாலும் "போனோமா, வந்தோமா" என்பாள். போவதுதான் நடக்கும்; வருவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். மூன்றாவது ஆள் எஸ்டேட்டுக் கடை பாயின் மகள். அவள் அத்தாவிடம் எந்தச் சாமான் கேட்டாலும் "இருக்கு, ஆனா இல்ல" என்பார். மூட்டை வந்திருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

எஸ்டேட்டு ஓரத்துச் சுண்ணாம்பு மலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் அடியில் ஆலம் வேர் மூடிய ஒரு பொந்து. பெரியவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். நாங்கள் அந்த இலையுதிர் காலம் முழுக்க அதற்குள் போய் வந்தோம். வாய் எவ்வளவு தாழ்வு என்றால் வயிற்றால் ஊர்ந்துதான் நுழைய வேண்டும். நுழைந்துவிட்டால் உள்ளே நம் கோயில் மண்டபம் அளவுக்கு இடம். கோட்டுப்பாலை, அதாவது பால் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவை, உரித்து உரித்துப் பந்தாகச் சுற்றி வைத்திருந்தோம். அதன் ஒரு முனையை ஆலம் வேரில் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே உள்ளே போவோம். திரும்பி வருவதற்கு அதுதான் வழி. இன்னொரு பந்தைக் கம்பில் சுற்றிக் கொளுத்தினால் பந்தம். அது எரியும்போது சொட்டுச் சொட்டாக நெருப்பு விழும். கரும்புகை மூஞ்சியில் அப்பிக்கொள்ளும். பழம் நாறுவதும் மூத்திரம் நாறுவதும் கலந்த மாதிரி வௌவால் வாடை. இன்றைக்கும் எங்காவது டயர் எரிந்தால் எனக்கு அந்த வாடையும் சேர்ந்தே வருகிறது.

அக்காவுக்கு ஒரே வைராக்கியம். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது, அதைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். லயமே தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும்போது நாம் மூவரும் ஒரு தகரம் தண்ணீரோடு போய் நின்றால் எப்படி இருக்கும் என்பாள். நான்கு நாள் தேடினோம். ஐந்தாம் நாள் கிடைத்தது. வாயிலிருந்து இருபது எட்டுக்கூட இல்லை. ஒரு பாறை மறைவில், கைப்பிடிச் சுவர் வைத்த தொட்டி மாதிரி ஒரு குழி. மேலேயிருந்து நூல்போல் இறங்கிய கல்லின் நுனியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"கல்லு கண்ணீர் விடுதுடி," என்றாள் பாய் மகள்.

"கண்ணீரா இருந்தா கரிக்கும். குடிச்சுப் பாரு," என்றாள் அக்கா.

அவள் நக்கிப் பார்த்தாள். "கரிக்கல. பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி மாதிரி இருக்கு."

"அப்ப தண்ணிதான். நாளைக்குத் தகரம் வேணும்."

"எங்க வீட்டுல தகரம் இருக்கு, ஆனா இல்ல," என்றாள் பாய் மகள். எங்கள் மூன்று வீட்டுப் பாத்திரங்களிலும் மிச்சத் தண்ணீர் இருந்தது. காலியாக நின்றது வரிசையில் இருந்த தகரங்கள்தான்.

"கோழித் தகரத்த எடுத்துக்குவோம்," என்றேன் நான். அக்கா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். "எங்க தகரத்த நாங்க எடுக்குறதுக்கு யாரக் கேக்கணும்? லோரி மத்தியானத்துக்கு மேலதான் வரும். கல்ல வச்சுட்டுப் போவோம்."

மறுநாள் காலையில் பெரியவர்கள் வேலைக்குப் போனதும் தகரத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் முழங்கை அளவுக்கு ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். ஆள் இருக்கிற மாதிரிதான் இருந்தது. மூவரும் மலைப்பாதையில் ஏறினோம்.

பிறகு நடந்ததை நாங்கள் அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். லோரி அன்றைக்கு வேறெங்கோ போக வேண்டியிருந்ததால் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஹாரன் அடித்திருக்கிறார்கள். குகைக்குள் எங்களுக்குக் கேட்கவில்லை. லோரியில் நின்று தண்ணீர் ஊற்றும் ஆள் அவசரத்தில் அந்தக் கல்லை ஓரமாக உதைத்துத் தள்ளியிருக்கிறார். இடம் காலியானதும் நான்காவது தகரம் மூன்றாவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அப்பா வந்து பார்க்கிறார். கோழித் தகரம் இல்லை. அது இருந்த இடத்தில் பக்கத்து வீட்டு மாமாவின் தகரம், தெளிந்த தண்ணீரோடு.

"எடுத்தவன் கைய முறிக்காம விடமாட்டேன்!" என்று அப்பா கத்தியிருக்கிறார். மாமா எப்போதும்போல் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு, "இருங்கண்ணே, பாத்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைப்பக்கம் நடந்திருக்கிறார். திருடியதை ஒளித்து வைத்த இடத்துக்குப் போகிறான் என்று அப்பாவுக்கு ஒரே நிச்சயம். பால் வாளி தூக்கும் காண்டாக்கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். மண்டோரும், ஊற்றி முடித்திருந்த அந்தத் தண்ணீர் ஆளும் சேர்ந்துகொண்டார்கள்.

நாங்கள் அப்போது குழியிலிருந்து சிரட்டையால் மொண்டு மொண்டு தகரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தோம். தகரம் பாதிக்குமேல் வந்திருந்தது. முதலில் சருகுச் சத்தம்தான் கேட்டது. ஓடுகிற சருகுச் சத்தம். அக்கா பந்தத்தைக் குழிக்குள் முக்கினாள். சொய்யென்று அணைந்தது. குகை வாயிலில் மட்டும் வெளிச்சம், ஒரு பாயின் அகலத்துக்கு.

அந்தத் தாழ்வான வாய் வழியாகக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு கைலி, பிய்ந்த ஜப்பான் சிலிப்பர். அதைச் சுற்றி மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ். அதில் ஒன்றில் சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போட்டது நான்.

"எங்கடா போட்ட? சொல்றா! என் கோழித் தகரம் எங்கடா?"

"அண்ணே, நில்லுங்க, சொல்றேன்ல..."

அப்பா கேட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்விக்கும் அடிக்கும் நடுவில் ஒரு பதில் நுழைகிற அளவுக்கு இடம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி சத்தம்.

"மலையில கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கான் பாருலா. நல்லாக் குடு," என்றது மண்டோர் குரல்.

பாய் மகள் முக்காட்டுத் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அக்கா, எங்கள் தலைவி, கல்லாகிப்போனாள். அவர்கள் தேடும் தகரம் எங்கள் நடுவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இருபது எட்டு நடந்து வெளியே போனால் முடிந்தது. இது மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரட்டையை எடுத்து, மொண்டு, தகரத்தில் ஊற்றினேன்.

மண்டபத்தில் சொல்லாமல் எழுந்து போனது இதைத்தான். தகரம் நிறைந்திருந்தால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்று ஒரு கணக்கு என் தலைக்குள். பாதித் தகரத்தோடு போனால் திருடி. முழுத் தகரத்தோடு போனால் தண்ணீர் கண்டுபிடித்த பிள்ளை. "என்னடி பண்ற?" என்றாள் பாய் மகள் துணியை எடுத்துவிட்டு. "நெறயட்டும்," என்றேன். "நெறஞ்சதும் போலாம்."

வெளியே ஓர் அடி. உள்ளே ஒரு சிரட்டை. எண்ணிக்கொண்டே ஊற்றினேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி உதட்டுக்குள் எண்ணினேன். இருட்டில் சிரட்டை தகரத்தின் விளிம்பில் தட்டித் தட்டிப் பட்டது. எட்டு. ஒன்பது. மாமா ஒரு தரம்கூட அம்மா என்று கத்தவில்லை. பத்து. பதினொன்று.

பதினோராவது சிரட்டையின்போது கேட்ட அடி வேறு மாதிரி இருந்தது. காய்ந்த பலகையில் பட்ட மாதிரி. கைலி மடங்கியது. மாமா பக்கவாட்டில் விழுந்தார். முகம் குகை வாயில் அளவுக்கு இறங்கி எங்களைப் பார்த்த மாதிரி கிடந்தது. காதிலிருந்து ரத்தம். கண் திறந்திருந்தது. இருட்டுக்குள் நாங்கள் தெரியமாட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. தகரத்தைப் பிடித்து ஒரே கவிழ்ப்பு. அவ்வளவு தண்ணீரும் பாறையில் ஓடியது.

"ஊத்தாதக்கா!" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"தண்ணி இருந்தா சத்தம் வராதுடி, மூதேவி!"

கையில் கிடைத்த கல்லால் தகரத்தின் அடியில் ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல? குகையே ஒரு தகரமாகி, நாங்கள் அதற்குள் இருந்த மாதிரி இருந்தது. பாய் மகள் "யா அல்லா!" என்று கத்திய கத்தல் மூன்று முறை திரும்பி வந்தது. மேலே தொங்கிய வௌவால் அத்தனையும் கிளம்பி, கரும்புகை மாதிரி வாய் வழியாக வெளியே போனது. இரண்டு ஜோடி பூட்ஸ் ஓடியது. ஆமாம், இரண்டுதான். மண்டோர் மகனுக்கு மரியாதையோடு சொல்கிறேன், மூன்று பேர் ஓடவில்லை. டியூப் ஒட்டுப் போட்ட பூட்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

தகரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு நாங்கள் ஊர்ந்து வெளியே வந்தோம். மூஞ்சியெல்லாம் கரி. அப்பா ஓங்கிய கம்போடு அப்படியே நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோழியைத்தான் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?" என்றார்.

"எங்க கைல, சித்தப்பா," என்றாள் அக்கா. "காலைலருந்து எங்க கைலதான் இருந்துச்சு. அவரு தொடவே இல்ல."

கம்பு கீழே விழுந்தது. பாய் மகள் தன் முக்காட்டுத் துணியை மாமாவின் காதில் வைத்து அழுத்தினாள். அப்பா குனிந்து மாமாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் சருகை மிதித்துக்கொண்டு இறங்கினார்கள். வெறும் தகரத்தோடு நாங்கள் பின்னால் நடந்தோம்.

எஸ்டேட்டு ஆஸ்பத்திரி டிரெசரிடம் மாமா, "பாறையில வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார். புண் ஆறியது. இடது காது ஆறவில்லை.

அப்பா மன்னிப்பு என்ற வார்த்தையைக் கேட்கவில்லை. அது அவர் வாயில் வராது. ஆனால் மழை பிடிக்கும்வரை, சாயங்காலம் வரிசைக்குப் போய் மாமாவின் தகரத்தைத் தன் கையால் முன்னால் வைத்துவிட்டு, கோழித் தகரத்தை அதற்குப் பின்னால் வைப்பார். லோரி வந்த நாளெல்லாம் அந்த வீட்டுத் தண்ணீரைச் சுமக்க வேண்டியது நான். மாமி முதல் நாள் என்னைப் பார்த்த பார்வையில் என் கால் நின்றுவிட்டது. "நின்னா ஆச்சா? புள்ள குளிக்கணும், ஊத்து," என்றார். அவ்வளவுதான். குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு மாமாவைக் கூப்பிட்டால் திரும்பமாட்டார், தலைக்கனம் ஏறிவிட்டது என்று லயத்தில் பேசினார்கள். உங்கள் அப்பா அம்மாவும் பேசியிருப்பார்கள். நீங்களும் சிலர் 'கர்வக்கார மாமா' என்று பேர் வைத்தீர்கள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அந்த மனிதருக்குக் கேட்காது. எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்ட ரகசியம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்தில் நான் எழுந்து போனபோது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். நரை ஓடிய தலை, ஃபேக்டரி பெயர் போட்ட பை. அந்தக் கொட்டாவி விட்ட குழந்தை. லூனாஸில் இருக்கிறாளாம்.

"அக்கா, அப்பா இன்னும் இருக்காரு. உங்களக் கேப்பாரு. ஒரு நாளு வாங்களேன்லா."

வீட்டுக்கு வந்து அலோர் ஸ்டாரில் இருக்கும் பாய் மகளுக்குப் போன் போட்டேன். அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இருந்திருந்தால் முதல் போன் அவளுக்குத்தான். "சிரட்டை விஷயத்தச் சொல்லப் போறேன்," என்றேன்.

"சொல்லு. என் பேரையும் சேத்துச் சொல்லு. நானும் உன் கையப் பிடிச்சு நிறுத்தலயே," என்றாள்.

அடுத்த ஞாயிறு மகனைக் கூட்டிக்கொண்டு லூனாஸ் போனேன். 'போனோமா, வந்தோமா' என்று அக்கா சொல்வது வழியெல்லாம் காதில் கேட்டது. கார்கள் ஓடும் சடக்கின் ஓரத்து வீடு. முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், பாதியாக இளைத்திருந்தார். சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை.

"வலது பக்கம் உக்காருங்க அக்கா, அப்பத்தான் கேக்கும்," என்றாள் மகள்.

உட்கார்ந்தேன். நலம் விசாரித்தால் தைரியம் போய்விடும் என்று நேராகவே தொடங்கினேன். "மாமா, அன்னைக்குக் கொகைக்குள்ள நாங்க ஒடனே வரல. உங்கள அடிக்கிறது கேட்டுச்சு. அப்பான்னும் தெரியும். தகரம் நெறஞ்சா அடி விழாதுன்னு நான் பாட்டுக்கு மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தேன். பதினோரு செரட்ட."

மகள் என்னைப் பார்த்தாள். மாமா முதலில் சிரித்தார். எப்போதும் அப்படித்தானே.

"பதினொண்ணுதானா?" என்றார். "எனக்கு நூறு மாதிரி இருந்துச்சும்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காலையிலயே பாத்தேன். மூணு பேரும் கோழித் தகரத்தத் தூக்கிக்கிட்டு மலையேறுனீங்க. உங்கப்பன் கைய முறிப்பேன்னு நின்னான். எப்படிச் சொல்றது? தகரத்த வாங்கிட்டு வந்து எங்கயோ கெடந்துச்சுன்னு குடுத்துடலாம்னு வந்தேன். பின்னாலயே வந்துட்டானுங்க."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லத்தான் இருந்தேன். ரெண்டு அடி வாங்குனா போதும், சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். அப்பப் பாத்து உள்ள சத்தம் கேட்டுச்சு. செரட்ட தகரத்துல படுற சத்தம். டங்கு, டங்குன்னு." நாற்காலிக் கையில் விரலால் தட்டிக் காட்டினார். "ஆஹா, தண்ணி கண்டுபுடிச்சிருச்சுங்க புள்ளைங்க. நெறஞ்சதும் தூக்கிக்கிட்டு வரும்ங்க, இவனுங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்குவானுங்கன்னு பாத்தேன். நெறயட்டும்னு இருந்தேன்."

நான் உள்ளே சொன்ன அதே வார்த்தை. வெளியே அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டு அடி வாங்கியிருக்கிறார்.

இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தக் காதுல கடைசியாக் கேட்டது அதுதான். அப்பப்ப இப்பவும் கேக்கும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி, தண்ணி எங்க?"

"மாமா?"

"அம்மாம் நேரம் மொண்டியே. எனக்கு ஒரு வாய் குடுக்கலியே நீ."

மகள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்து பெரிய கிளாஸ் ஒன்றை விளிம்புவரை நிரப்பினேன். தளும்பிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு," என்றார்.

நான் மறுபடி அடுப்படிக்குப் போனேன்.